கேட்குது என்று சொன்னவள்

அத்தியாயம் பதினேழு

போன வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் பெரியவள் சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான். வியாழக்கிழமை காலைக்குள் அது சபையார் வீடுகளையெல்லாம் சுற்றிவிட்டு, அவள் வீட்டு அடுப்படிக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

"கேட்குது."

வெளியூர் ஊழியக்காரர் அவளுடைய இரண்டு காதுகளிலும் விரலை வைத்து ஜெபித்தார். கண்ணைத் திறந்து, "கேட்குதா மகளே?" என்றார். நான்கு வருஷமாக இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்காத பெரியவள், முந்நூறு பேருக்கு முன்னால் தலையை ஆட்டி, கேட்குது என்றாள். கூடமே எழுந்து நின்று கைதட்டியது. இது வரைக்கும் நீங்கள் படித்ததுதான்.

நீங்கள் படிக்காதது, அதற்குப் பிறகு அந்த வீட்டில் போன ஆறு நாட்கள்.

முதலில் அவளுடைய வீட்டுக்காரரைப் பார்த்துவிடுவோம். பஸ் பணிமனையில் மெக்கானிக். சபைக் குடும்பத்தில் பிறந்தவர்தான். இருபது வயதில், படுத்த படுக்கையாகக் கிடந்த தன் அம்மாவுக்காக முழங்கால் தேய ஜெபித்தார். அம்மா போய்ச் சேர்ந்தாள். அதோடு சபைக்கும் அவருக்கும் இருந்த பேச்சுவார்த்தை முடிந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமைதோறும் மனைவியைச் சபை வாசலில் இறக்கிவிட்டு, எதிர்க் கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். விளையாட்டுச் செய்தி முடியும், வரி விளம்பரம் முடியும், காணவில்லை அறிவிப்புகூட முடிந்துவிடும். உள்ளே பிரசங்கம் மட்டும் முடியாது.

அந்த மனிதர் இன்று காலை ரொட்டித் தட்டுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா தூங்குறாரா, சித்தி?" என்று கேட்டது ரேடியோ.

ரேடியோ அவர்களுடைய மகள். ஐந்து வயது நடக்கிறது. வாய் ஓயாது என்பதால் அப்பா வைத்த பேர். பெரியவளுக்கு அந்தப் பொல்லாத காய்ச்சல் வந்து காது போனபோது, ரேடியோவுக்கு எட்டு மாதம். குழந்தையின் அழுகையை அவள் கேட்டிருக்கிறாள். சிரிப்பைக் கேட்டிருக்கிறாள். அது பேசி ஒரு சொல்கூடக் கேட்டதில்லை. முதன்முதலாக அது "அம்மா" என்றதை, பக்கத்தில் இருந்த தங்கைதான் தோளைத் தட்டிச் சொன்னாள். பெரியவள் குழந்தையின் வாயையே பார்த்தபடி, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று அன்று பொழுதுக்கும் சொல்லவைத்தாள்.

"தூங்கலை. ஜெபம் பண்றாரு. நீ சாப்பிடு," என்றாள் சின்னவள்.

சின்னவள் என்கிற இந்தத் தங்கைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டிலேயே இருக்கிறாள். பெரிய மருத்துவமனையில், காது எவ்வளவு கேட்கிறது என்று கருவி வைத்து அளந்து சொல்கிற வேலை. நான்கு வருஷத்துக்கு முன்னால் சொந்த அக்காவுக்கு அளந்து பார்த்து, இரண்டு காதும் சுத்தமாக இல்லை என்று சீட்டு எழுதியதும் அவள்தான். அதற்குப் பிறகு அவளும் சபைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். போனாலும் கடைசி வரிசை. பாட்டுக்கு வாயசைப்பதோடு சரி.

மெக்கானிக் கண்ணைத் திறந்தார். குழாயடியில் முதுகைக் காட்டி நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்து, "டீ ஆறுது பாரு," என்றார்.

பெரியவள் திரும்பவில்லை.

அவர் மைத்துனியைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "படிப்படியாத்தான் வரும்னு ஊழியக்காரர் சொல்லியிருக்காரு."

ஆறு நாளாக இதே பாட்டுதான். சின்னவள் ரொட்டியை மென்றுகொண்டே தலையாட்டி வைத்தாள்.

ஆனால் அவளுக்குள்ளும் ஒன்று கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. ஒருவேளை உண்மையாக இருந்தால்? அக்காவோடு பேச வேண்டுமென்றால் இப்போதெல்லாம் எதிரே போய் நிற்க வேண்டும், வெளிச்சம் வேண்டும், அவள் கையில் வேலை இருக்கக் கூடாது. முன்பெல்லாம் அப்படியா? ஒருத்தி குளியலறையில் இருப்பாள், ஒருத்தி மாடிப்படியில் இருப்பாள், இடையில் இருக்கும் சுவரைப் பொருட்படுத்தாமல் வாயடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த வெட்டிப் பேச்சுக்காகச் சின்னவள் ஏங்கினாள். முக்கியமான விஷயங்களை எழுதிக் காட்டிவிடலாம். ஒன்றுமில்லாத விஷயங்களை எப்படி எழுதிக் காட்டுவது?

பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இன்னைக்கே டெஸ்ட் எடுத்துடலாம்டி. ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்லணும். சீட்டு இல்லாம நம்ம போதகர் மேடையேத்த மாட்டாரு."

அவர்களுடைய சபைப் போதகர் அப்படித்தான். போதகராவதற்கு முன் கணக்கு வாத்தியாராக இருந்தவர். விடையை மட்டும் எழுதினால் மார்க் போடமாட்டார், வழிமுறையும் வேண்டும். வியாதி குணமாயிற்று என்று யார் சாட்சி சொல்ல வந்தாலும், டாக்டர் சீட்டை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகவும் கீழாகவும் படித்த பிறகுதான் ஒலிபெருக்கி கைக்கு வரும்.

சீட்டுக்கு இன்னொரு அவசரமும் இருந்தது. வருகிற திங்கட்கிழமை பெரியவளுக்கு ஆபரேஷன். காதுக்குள்ளே கருவி பொருத்துகிற ஆபரேஷன். இரண்டரை வருஷம் காத்திருந்து வந்த முறை. அதில் ஒரு சிக்கல் உண்டு. காதில் இயற்கையாகக் கொஞ்சநஞ்சம் கேட்கும் திறன் இருந்தால், கருவியை வைக்கும்போது அதுவும் போய்விடலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஒன்றும் இல்லாத காதுதானே என்று அன்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். இன்று உண்மையிலேயே ஏதாவது வந்திருந்தால், அதைத் தங்கள் கையாலேயே அழித்ததாகிவிடும்.

*

பகல் பன்னிரண்டு மணிக்குப் பெரியவள் ஒலி புகாத சின்ன அறைக்குள் உட்கார்ந்தாள். கனமான கதவு, ஒரு கண்ணாடி ஜன்னல். காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். கேட்டால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அழுத்தினால் வெளியே சின்னவளின் கருவியில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

சின்னவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். எத்தனையோ ஆயிரம் பேருக்குச் செய்த வேலை. வலது காதில், நடுத்தரமாக, ஒரு ஒலியை அனுப்பினாள்.

விளக்கு எரிந்தது.

தற்செயலாக இருக்கும் என்று நினைத்தாள். சற்றுப் பொறுத்து இன்னொன்று அனுப்பினாள். எரிந்தது. சத்தத்தைக் குறைத்து அனுப்பினாள். எரிந்தது. இடது காதுக்கு மாற்றினாள். எரிந்தது. ஒலி அனுப்பாமல் காத்திருந்து பார்த்தாள். எரியவில்லை. மறுபடி அனுப்பினாள். எரிந்தது.

"ஸ்தோத்திரம்," என்றாள் சின்னவள். அவள் வாயிலிருந்து அது வந்து எத்தனை காலம் ஆயிற்று! கண்ணீர் மளமளவென்று வந்து அளவுத்தாளில் சொட்டியது. துடைத்துக்கொண்டே சிரித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவும் அவளையே பார்த்துச் சிரித்தாள்.

அவளையே பார்த்து.

சின்னவளின் சிரிப்பு அப்படியே நின்றது.

சோதனைக்கு வருகிறவரின் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். இவளே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஒலி அனுப்புகிறவரின் கையையோ முகத்தையோ அவர்கள் பார்க்கவே கூடாது. இன்று அவசரத்தில், ஆசையில், நாற்காலியைத் திருப்ப மறந்திருந்தாள்.

ஒவ்வொரு ஒலியையும் அனுப்பும்போது தன் முகம் என்ன செய்திருக்கும் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. கேளேன், கேளேன் என்று புருவம் ஏறியிருக்கும். மூச்சு நின்றிருக்கும். நான்கு வருஷமாக முகங்களைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிற அக்காவுக்கு அது போதாதா? அக்கா எந்த ஒலியையும் கேட்கவில்லை, தங்கையின் ஏக்கத்தைப் பார்த்துப் பார்த்துப் பொத்தானை அழுத்தியிருக்கிறாள்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதை மறைப்பானேன்? தாளில், கேட்டதாகக் குறித்த புள்ளிகளெல்லாம் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சபை முழுக்கக் கைதட்டும்.

எழுந்து உள்ளே போய், அக்காவின் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

"எதுக்குடி?" என்றாள் பெரியவள்.

"இன்னொரு தடவை, அக்கா. இதுதான் முறை."

பெரியவள் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

சின்னவள் ஒலியை அனுப்பினாள். விளக்கு எரியவில்லை. கூட்டினாள். எரியவில்லை. இன்னும் கூட்டினாள். சாதாரணக் காதாக இருந்தால் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்திருக்கும். அக்காவின் பின்கழுத்தும், வாராமல் முடிந்த கொண்டையும்தான் தெரிந்தன. விரல் பொத்தானின் மேல் அசையாமல் இருந்தது. சும்மா ஒரு தடவை அழுத்திப் பார்த்திருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? அவள் அழுத்தவில்லை. இருபது நிமிஷம் அப்படியே காத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காத்திருப்பைப் பார்த்துக்கொண்டு ஒலியைக் கூட்டிக்கொண்டே போவது சின்னவளுக்கு நெஞ்சை அறுத்தது.

கடைசியில், கருவியின் உச்ச அளவில், மிகத் தாழ்ந்த ஒலிக்கு ஒரே ஒரு முறை விளக்கு எரிந்தது.

சின்னவள் உள்ளே ஓடினாள். "கேட்டுச்சாக்கா?"

பெரியவள் ஹெட்போனைக் கழற்றினாள். "இல்லடி. தாடையில அதிர்ந்துச்சு. அதைச் சேர்க்காதே."

இருவரும் அந்தச் சின்ன அறைக்குள்ளேயே முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டார்கள்.

"முதல் தடவை நிஜமாவே கேட்குதுன்னுதான் நெனச்சேன்," என்றாள் பெரியவள். காது போனதிலிருந்து அவள் குரலுக்கு ஏற்ற இறக்கம் கிடையாது. அழும்போதும் ஒரே தட்டையாகத்தான் வரும். "ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள்ள, இதோ, இப்பன்னு தோணிச்சு. நீ திருப்பி உக்கார வெச்சதும் அந்த 'இதோ' நின்னு போச்சு."

"வெள்ளிக்கிழமை?"

பெரியவள் ஹெட்போன் ஒயரை விரலில் சுற்றினாள்.

"வெள்ளிக்கிழமை ஒண்ணுமே கேட்கலை. ஊழியக்காரர் வாயைப் படிச்சேன். முதல்ல நாம சொல்லிட்டா, கர்த்தர் பின்னாலேயே குடுத்துடுவாருன்னு நெனச்சேன். வேதத்துல கர்த்தரோட அங்கியத் தொட்ட நோயாளிப் பொம்பளை, குணமான பிறகா தொட்டா? முன்னாடிதானே தொட்டா?"

"அது சரிக்கா. ஆனா அவ, குணமாயிட்டேன்னு முன்னாடியே சொல்லலையே."

"ஏண்டி, நீ போதகருக்கு மேல இருக்கே!" என்று பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "இன்னொண்ணும் இருக்கு. மேடையிலேர்ந்து பார்த்தேன். உன் மாமா வாசல்ல நின்னாரு. என்னைக் கூட்டிட்டுப் போக வந்தவரு, தொப்பியக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, உள்ள ஒரு காலும் வெளிய ஒரு காலுமா நின்னாரு. பதினோரு வருஷமா நான் இதுக்குத்தானே அழுதேன்? காதுக்கு அழுததவிட அதுக்குத்தான் அதிகமா அழுதிருக்கேன். அந்த நேரம் பார்த்து ஊழியக்காரர் கேட்குதாங்கறாரு. இல்லேன்னு எப்படிடி சொல்லுவேன்?"

சின்னவள் புதுத் தாளை எடுத்து, இரண்டு காதுக்கும் ஒன்றும் இல்லை என்று, நான்கு வருஷத்துக்கு முன் எழுதிய அதே வார்த்தைகளை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"அப்ப திங்கட்கிழமை ஆபரேஷனுக்குத் தடையில்லை. வார்டுல சொல்லிட்டு வந்துடலாம், வா," என்றாள்.

*

வார்டு எழுத்தர் நல்ல மனிதர். ஆனால் எந்தச் செய்தியையும் ஜலதோஷக் குரலில்தான் சொல்வார்.

"திங்கட்கிழமையா? அது வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாங்களேம்மா."

"யாரு?" என்றாள் சின்னவள்.

எழுத்தர் ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். மூலையில் கிரீஸ் பட்ட கட்டைவிரல் ரேகை. மேற்கொண்டு விசாரிக்கத் தேவையே இல்லை.

'என் மனைவிக்கு ஆண்டவர் கேட்கும் திறனைத் திரும்பக் கொடுக்கத் தொடங்கிவிட்டபடியால், ஆபரேஷன் வேண்டாம் என்று தெரிவித்துக்கொள்கிறேன்.'

"நேத்து சாயங்காலம் கொண்டாந்து குடுத்தாரு. பொறுப்பாளர் கையெழுத்து அவரோடது. அவரே நேர்ல வந்து வாபஸ் வாங்கினாத்தான் உண்டு. நாலு மணிக்கு டாக்டர் பட்டியலை முடிச்சுடுவாரு."

சின்னவளுக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டரை வருஷம் யார் யார் காலையோ பிடிக்காத குறையாக அலைந்து வாங்கிய முறை! திரும்பி அக்காவைப் பார்த்தாள். பெரியவள் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து நின்றிருந்தாள்.

"ஆண்டவர்னு எழுதியிருக்காருடி," என்றாள். "தன் கையால எழுதியிருக்காரு."

"அக்கா, மணி ரெண்டாகுது."

"இல்லாத ஆள்கிட்ட எனக்கென்ன பேச்சுன்னு சொல்வாரு. அவரு எழுதியிருக்காரு." அவள் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "இதைக் கிழிச்சுப் போடுங்கன்னு நானே போய்ச் சொல்லணுமா?"

அதுதான் கேள்வி. உண்மையைச் சொன்னால் திங்கட்கிழமை கிடைக்கும். என்றாவது ஒருநாள் ரேடியோவின் குரல் அவள் காதில் விழும். ஆனால் பதினோரு வருஷம் கழித்து வாசல் வரை வந்த மனிதர், வந்த வழியே திரும்பிப் போய்விடுவார். சொல்லாமல் விட்டால் அவர் பக்கத்தில் உட்காருவார், குழந்தை அவள் காதுக்கு மௌனமாகவே வளரும்.

சின்னவள் அக்காவின் கையைப் பிடித்தாள். இதில் தான் ஒன்றும் சொல்லக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய காரியம்.

"பணிமனைக்கு எந்த பஸ்ஸுடி போகும்?" என்றாள் பெரியவள்.

*

மெக்கானிக் ஒரு பஸ்ஸுக்கு அடியில், குழிக்குள் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். பெரியவள் குழியின் ஓரத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். சின்னவள் பின்னால் நின்றாள்.

மனைவியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. நிமிர்ந்து, வெளிச்சத்துக்கு வந்து, அவளுக்கு நேராக முகத்தைக் காட்டினார். காது போன மறுவாரமே மீசையை எடுத்துவிட்டவர் அவர். உதடு மறையாமல் தெரியட்டும் என்று. "என்ன, சீட்டு வாங்கியாச்சா?"

"வாங்கியாச்சு. எனக்குக் கேட்கலைங்க."

"இன்னைக்கா?"

"இன்னைக்கும். வெள்ளிக்கிழமையும்."

அவர் கையிலிருந்த ஸ்பானரை எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்த்தார்.

"பொய் சொல்லணும்னு சொல்லலைங்க. நீங்க வாசல்ல நின்னீங்க. இல்லேன்னு சொன்னா அப்படியே திரும்பிப் போயிடுவீங்களோன்னு இருந்துச்சு. வந்துடும், வந்துடும்னு ஆறு நாளா காத்திருந்தேன். வரலை." சொல்லிவிட்டு அவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றார் அவர்.

"என்னது?"

அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "எனக்குத் தெரியும். சனிக்கிழமையே தெரியும். நீ துணி மடிச்சுக்கிட்டிருந்தே. பின்னால நின்னு கூப்பிட்டேன். ஏழு தடவை கூப்பிட்டேன்."

சின்னவளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "தெரிஞ்சுமா மாமா கடுதாசி குடுத்தீங்க?"

"தெரிஞ்சதாலதான் குடுத்தேன்." அவர் பார்வை இன்னும் மனைவியின் மேல்தான் இருந்தது. "அன்னைக்கு அந்த ஊழியக்காரர் வெளிய வரும்போது என் தோள்ல கைய வெச்சாரு. அற்புதம் ஆரம்பிச்சாச்சு, வீட்ல ஒருத்தர் சந்தேகப்பட்டாலும் பாதியில நின்னுடும்னாரு. நீ திரும்பலைன்னதும், அந்த ஒருத்தர் நான்தானேன்னு பட்டுச்சு. நாலு வருஷமா உனக்கு வராம இருந்ததுக்கும் நான்தானோன்னு ஆயிடுச்சு. சரி, நம்பிடுவோம்னு இறங்கினேன். ஒரு பக்கம் ஆபரேஷனை கையில வெச்சுக்கிட்டு, இன்னொரு பக்கம் நம்பறேன்னா அது நம்பறதாகுமா? ஸ்டெப்னியோட ஓட்டுற மாதிரி இருந்துச்சு எனக்கு."

"ஸ்டெப்னி இல்லாத வண்டிய இந்த டிப்போவை விட்டு வெளிய அனுப்புவீங்களா மாமா?" என்றாள் சின்னவள்.

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

பெரியவள் கையை நீட்டி, குழிக்குள் நின்ற அவர் தலையில் வைத்தாள். "உங்களால இல்லங்க. என் காது போனது காய்ச்சலால. யார் நம்பலைன்னும் போகலை. இத்தனை நாளா இதையா மனசுல வெச்சுக்கிட்டுச் சாப்பிட்டீங்க?"

மெக்கானிக் அழுதார். எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் கறுப்பாயிற்று. அடுத்த பஸ்ஸின் அடியில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்கள்.

"மணி மூணேகால்," என்றாள் சின்னவள்.

அவர் குழியை விட்டு மேலே ஏறினார்.

*

அரைமணி நேரத்தில் கடக்க வேண்டிய தூரத்தை, பஸ் கிடைக்காமல் முக்கால் மணி நேரத்தில் கடந்தார்கள். ஊர் பஸ்ஸையெல்லாம் ஓடவைக்கிறவருக்கு அவசரத்துக்கு ஒரு பஸ் கிடைக்கவில்லை. இதைச் சொல்லிச் சிரிக்க மூன்று பேருக்கும் அன்று தெம்பில்லை.

எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு முடிந்து நான்கு நிமிஷம்.

"பட்டியல் டாக்டர் ரூமுக்குப் போயிடுச்சும்மா. உங்க இடத்துக்கு அடுத்த ஆளுக்கு ஃபோனும் போட்டாச்சு. அவங்க வர்றேன்னுட்டா அவங்களுக்கு. முடியாதுன்னாத்தான் திரும்ப உங்களுக்கு. நாளைக்குக் காலைல பத்து மணிக்குச் சொல்றேன்."

"அவங்க வர்றேன்னுட்டா, நாங்க அடுத்து எப்ப?" என்றாள் சின்னவள்.

"பட்டியல்ல கடைசி," என்றார் எழுத்தர். அதையும் ஜலதோஷக் குரலிலேயே சொன்னார். ஆனாலும் மெக்கானிக் எழுதிக் கொடுத்த வாபஸ் கடிதத்தை வாங்கி, மேலே நேரத்தைக் குறிக்கும்போது, நான்கு மணி என்றே குறித்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

சின்னவள் டாக்டரைப் பார்த்துக் கெஞ்சிப் பார்க்கிறேன் என்று மாடிக்கு ஓடினாள். கணவனும் மனைவியும் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிரே யாரோ ஒருத்தி தன் கைக்குழந்தையிடம் என்னவோ கொஞ்சிக்கொண்டிருந்தாள். பெரியவள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழமை சீட்டோட மேடைக்குப் போறேன். எனக்குக் கேட்கலை, அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்னு சொல்லப் போறேன். போதகர் என்ன சொல்வாரோ, யார் என்ன நெனைப்பாங்களோ, தெரியலை. நீங்க வருவீங்களா?"

அவர் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவசரப்படுத்தவில்லை. அவர் முகத்தைத் தூக்கினால்தானே அவளுக்குப் பதில் கிடைக்கும்? காத்திருந்தாள்.

கடைசியில் தூக்கினார்.

"நம்பிக்கை இருக்கான்னு மட்டும் கேக்காதே. எங்கம்மாவுக்காக அழுதேன், நடக்கலை. உனக்காக இந்த ஆறு நாளும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நம்பினேன், நடக்கலை. இப்ப உள்ள இருக்கறது பூராவும் கோபம்தான். அவர் இல்லைன்னுகூடச் சொல்ல முடியலை, அவ்வளவு கோபம். இதோட வந்து அங்க எப்படி உட்கார்றது?"

பெரியவள் ஒரு சொல் விடாமல் படித்துக்கொண்டாள்.

"நாலு வருஷமா நான் அப்படித்தாங்க உட்கார்ந்திருக்கேன்," என்றாள். "பக்கத்து இடம் காலியாத்தான் இருக்கு."